சீருடையில் பெண்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மகளிர் தினம், குடியரசு தினம் என்றால் பள்ளி, கல்லூரிகளில் "ராணுவத்தில் பெண்கள்" என்று ஒரு தலைப்பு கொடுத்துப் பேசச் சொல்வார்கள். பேச்சு முடிந்த பிறகு மாணவிகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்தான் சுவாரசியம். ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒரே கேள்விகள். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். பெரும்பாலானவை இந்திய முப்படைகளைப் பற்றியவை.

இந்திய ராணுவத்தில் பெண்கள் எப்போது சேர்ந்தார்கள்?

1992 என்றுதான் வினா விடைப் புத்தகங்கள் சொல்லும். அது பாதி பதில்தான்.

1888 மார்ச்சில் பயிற்சி பெற்ற பத்து செவிலியர்கள் இங்கிலாந்திலிருந்து பம்பாயில் வந்து இறங்கினார்கள். படை மருத்துவமனைகளில் முறையான செவிலியர் பணி அவர்களோடு தொடங்கியது. 1926இல் இந்தியாவுக்கென்று தனியாக ராணுவ செவிலியர் பணி உருவானது. 1943இல் வந்த அவசரச் சட்டம் அந்தச் செவிலியர்களை அதிகாரிகளாக்கியது.

அதற்கு முந்தைய வருடம், 1942இல், பெண்கள் துணைப்படை ஒன்றையும் பிரிட்டிஷ் அரசு தொடங்கியிருந்தது. போருக்குப் போன ஆண்களின் இடத்தில் தொலைபேசி இணைப்பகம், தட்டச்சு, கணக்கு, வண்டி ஓட்டுதல் என்று சுமார் 11,500 பெண்கள் வேலை பார்த்தார்கள். 1947இல் படையைக் கலைத்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சுதந்திரத்துக்குப் பின் வந்த 1950ஆம் வருட ராணுவச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, மத்திய அரசு அறிவிக்கும் துறைகளைத் தவிர மற்ற எதிலும் பெண்கள் சேரத் தகுதியில்லை என்றது. 1958இல் ராணுவ மருத்துவப் பிரிவு பெண் மருத்துவர்களுக்கு நிரந்தர கமிஷன், அதாவது ஓய்வு வயது வரை அதிகாரியாக நீடிக்கும் உரிமை, கொடுத்தது. மருத்துவமும் செவிலியமும் அல்லாத துறைகளுக்குக் கதவு திறந்ததுதான் 1992. ஆக, 1992 என்று மட்டும் சொன்னால் அதற்கு முன் நூறு வருடம் வேலை பார்த்தவர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறோம்.

ராணுவ செவிலியர்களும் ராணுவ அதிகாரிகள்தானா?

ஆமாம். லெப்டினன்ட் பதவியில் தொடங்கி மேஜர் ஜெனரல் வரை போகலாம். 1976இல் ஜி. ஏ. ராம் மேஜர் ஜெனரல் ஆனார். இந்திய ராணுவத்தில் அந்தப் பதவியைத் தொட்ட முதல் பெண் அவர். போர் விமானியோ பீரங்கிப் படைக்காரரோ அல்ல, ஒரு செவிலியர்! இது எத்தனை பேருக்குத் தெரியும்?

செவிலியர்களைக் கொண்டாட நமக்கு ஏனோ கை வருவதில்லை. விமானத்தின் முன்னால் ஹெல்மெட்டோடு நிற்கும் பெண்ணின் படம் அன்று மாலைக்குள் எல்லா போனுக்கும் வந்துவிடுகிறது. போர்முனையிலிருந்து காலில்லாமல் வந்தவருக்கு மாதக்கணக்கில் கட்டு மாற்றி, இரவு வலியில் கத்துகிறவரின் பக்கத்தில் நின்றவருக்குப் படம் கிடையாது.

போர்க்காலத்தில் அவர்கள் உயிரையும் கொடுத்திருக்கிறார்கள். 1944 பிப்ரவரி 12 அன்று மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த கெடிவ் இஸ்மாயில் என்ற துருப்புக் கப்பலை மாலத்தீவு அருகே ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கியது. இரண்டு மூன்று நிமிடத்தில் கப்பல் மூழ்கியது. இறந்த சுமார் 1,300 பேரில் 77 பேர் பெண்கள், அவர்களில் பெரும்பாலோர் செவிலியர்கள். பிரிட்டிஷ் காமன்வெல்த் படைகளின் வரலாற்றில் ஒரே சம்பவத்தில் இத்தனை பெண்கள் இறந்தது வேறெப்போதும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் ராணுவ செவிலியர் பணியில் ஒரு காலத்தில் ஒரு விதி இருந்தது: கல்யாணம் செய்துகொண்டால் வேலை போய்விடும். 1988இல் அப்படி வேலையிழந்த ஓர் அதிகாரி விடாமல் வழக்கு நடத்தினார். விதி 1995இல் நீக்கப்பட்டுவிட்டது, வழக்கு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. 2024 பிப்ரவரியில்தான் உச்ச நீதிமன்றம் அவருக்கு 60 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. வேலையிலிருந்து அனுப்பும்போது இளம் பெண். தீர்ப்பு வரும்போது ஓய்வு பெறும் வயதே தாண்டியிருக்கும்.

நேதாஜியின் ஜான்சி ராணி படையில் தமிழ்ப் பெண்கள் இருந்தார்களாமே?

நிறையவே இருந்தார்கள். 1943 ஜூலையில் சிங்கப்பூரில் நேதாஜி, இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவாக இந்தப் படையை அறிவித்தார். அக்டோபர் 22 அன்று பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. தலைமை ஏற்றவர் கேப்டன் லட்சுமி. 1914இல் சென்னையில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, சிங்கப்பூரில் மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தவர்.

சேர்ந்தவர்களில் பெரும்பகுதி மலாயா ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய குடும்பத்துப் பெண்கள். இந்தியாவைக் கண்ணால் பார்த்திராதவர்களும் அவர்களில் உண்டு. விடியுமுன் எழுந்து மரத்துக்கு மரம் நடந்து பழகிய கால்கள் என்பதால் அணிநடை அவர்களுக்குப் பெரிய விஷயமாக இருந்திருக்காது. துப்பாக்கியும் சீருடையும்தான் புதிது. எல்லோரும் ஒரே கூடாரத்தில் தங்கி ஒரே சாப்பாடு சாப்பிட்டார்கள் என்பதும், தோட்டத்தில் கங்காணிக்குப் பயந்து வளர்ந்தவர்களுக்குப் புதிதுதான்.

அவர்கள் இம்பாலில் சண்டை போட்டார்கள் என்று மேடைகளில் சொல்கிறார்கள். அது சரியல்ல. பர்மாவில் மேமியோ வரை போனார்கள், களத்துக்கு அனுப்பப்படுமுன் போரின் போக்கு மாறிவிட்டது. அங்கே மருத்துவமனையில் காயம்பட்டவர்களைக் கவனித்தார்கள், குண்டுவீச்சைத் தாங்கினார்கள். 1945இல் ரங்கூனிலிருந்து பின்வாங்கியபோது அவர்கள் வந்த ரயில் தாக்கப்பட்டதில் ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இருவர் இறந்தார்கள். ஊர்திகள் போக முடியாத இடங்களில் மற்றவர்கள் இரவில் நடந்தே வந்தார்கள். இல்லாத போரைச் சேர்த்துச் சொல்லாமலே பெருமைப்பட இது போதும்.

படையில் இருந்த ஜானகி ஆதி நாகப்பன் பின்னாளில் மலேசிய அரசியலில் முக்கியமானவரானார். 2000இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. கேப்டன் லட்சுமி கான்பூரில் கடைசிவரை ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்து, 2012இல் 97 வயதில் காலமானார். தோட்டத்திலிருந்து போன பெண்களில் பெரும்பாலோர் போர் முடிந்ததும் தோட்டத்துக்கே திரும்பிவிட்டார்கள். அவர்களைப் பற்றி எழுதப்பட்டது மிகக் கொஞ்சம்.

வேலு நாச்சியார், குயிலி எல்லாம் இந்த வரிசையில் வருவார்களா?

வேலு நாச்சியார் 1780இல் ஹைதர் அலியின் உதவியோடு சிவகங்கையை மீட்டது வரலாறு. 2008இல் அவருக்கு அஞ்சல் தலையும் வந்தது. குயிலி தன் உடலில் தீ வைத்துக்கொண்டு ஆயுதக் கிடங்கில் குதித்தது வாய்மொழியாக வந்த செய்தி. மக்கள் நினைவில் இருப்பதற்கும் மதிப்பு உண்டு, ஆனால் பேச்சுப் போட்டியில் தேதியோடு சொல்லாதீர்கள்.

பெண் அதிகாரிகளுக்கும் சென்னைக்கும் என்ன தொடர்பு?

பரங்கிமலை. அங்கேயுள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியில்தான் 1992இல் முதல் அணி சேர்ந்தது. அந்த அணியின் 25 பெண்கள் 1993 மார்ச் 6 அன்று அதிகாரிகளாக வெளியே வந்தார்கள். முதல் பதிவு எண் பெற்ற பிரியா ஜிங்கன், பெண்களையும் சேர்க்க வேண்டும் என்று ராணுவத் தளபதிக்கே கடிதம் எழுதியவர். சட்டம் படித்தவர் என்பதால் ராணுவச் சட்டப் பிரிவில் சேர்ந்தார்.

அதற்கு முன்பே சென்னையிலிருந்து ஒருவர் போயிருந்தார். விஜயலட்சுமி ரமணன், கேப்டன் லட்சுமி படித்த அதே மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1955இல் ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்து விமானப்படைக்கு அனுப்பப்பட்டார். விமானப்படையின் முதல் பெண் அதிகாரி அவர்தான். விங் கமாண்டராக 1979இல் ஓய்வு பெற்றார். 2010இல் திவ்யா அஜித்குமார் என்ற சென்னைப் பெண், பரங்கிமலையில் சிறந்த பயிற்சி வீரருக்கான கௌரவ வாளை வாங்கினார். பெண் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை.

வாய்ப்புக் கிடைத்தால் அங்கே நடக்கும் நிறைவு அணிவகுப்பை ஒரு முறை பாருங்கள். அணிவகுப்பைவிட அதற்கப்புறம் நடப்பதுதான் கவனிக்க வேண்டியது. குடும்பத்தார் மைதானத்துக்கு வந்து மகளின் தோளில் லெப்டினன்ட் பதவிக்கான இரண்டு நட்சத்திரங்களை அணிவிப்பார்கள். பெற்றோர் ஆளுக்கொரு தோள் பக்கம் நிற்பார்கள். அம்மாவுக்குக் கொக்கி மாட்டத் தெரியாது, கை நடுங்கும். மகள் விறைப்பாக நிற்க வேண்டுமே என்பதால் குனிந்து உதவவும் முடியாது, ஓரக்கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அப்படியானால் பெண் அதிகாரிகள் ஏன் நீதிமன்றத்துக்குப் போனார்கள்?

இதுதான் மொத்த விஷயத்தின் மையம், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

1992இல் பெண்களைச் சேர்த்தது ஐந்து வருடத்துக்குத்தான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி, பத்து வருடம், அதற்கு மேல் நான்கு, ஆக 14 வருடம் என்று வந்தது. ஆனால் அதிகாரிகளுக்கு ஓய்வூதியம் வேண்டுமென்றால் 20 வருடம் பணி இருக்க வேண்டும். கணக்கைப் பாருங்கள்: 23 வயதில் சேர்ந்து, எல்லையோரம், மலை, பாலைவனம் என்று ஓடி, 37 வயதில் ஓய்வூதியம் இல்லாமல் வெளியே வர வேண்டும். குறுகிய காலப் பணியில் சேர்ந்த ஆண்களுக்கு நிரந்தர கமிஷன் கேட்டு நீடிக்க வழி இருந்தது. பெண்களுக்கு அது இல்லை.

2003இல் வழக்கறிஞர் பபிதா புனியா டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். அப்புறம் பெண் அதிகாரிகளும் சேர்ந்துகொண்டார்கள். 2010இல் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. அரசு மேல்முறையீடு செய்தது. கடைசியில் 2020 பிப்ரவரி 17 அன்று உச்ச நீதிமன்றம் நிரந்தர கமிஷன் கொடுக்கச் சொன்னது. தலைமைப் பொறுப்புகளை மொத்தமாக மறுப்பதும் செல்லாது என்றது. கிராமத்திலிருந்து வரும் ஆண் வீரர்கள் பெண் அதிகாரியின் கட்டளையை ஏற்கும் மனநிலையில் இல்லை என்று அரசுத் தரப்பில் ஒரு வாதம் வைக்கப்பட்டிருந்தது. நீதிபதிகள் அதைக் கடுமையாக நிராகரித்தார்கள். அதுவும் சரிதான், ஊரில் பாட்டி சொல் கேட்டு வளர்ந்த பையன்தானே அந்த வீரனும். அடுத்த மாதமே கடற்படைப் பெண்களுக்கும் அதே போன்ற தீர்ப்பு வந்தது.

அதோடு முடியவில்லை. நிரந்தர கமிஷனுக்குத் தேர்வு நடத்தியபோது ராணுவம் இரண்டு அளவுகோல்களை வைத்தது. ஒன்று, உடல்தகுதி. ஆண் அதிகாரிகளை இளம் வயதில், பணியின் ஐந்தாவது, பத்தாவது வருடத்தில் சோதிக்கும் அதே அளவுகோலை, நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கும் வைத்தார்கள். இரண்டாவது, ஆண்டுதோறும் மேலதிகாரி எழுதும் ரகசிய அறிக்கைகள். இந்தப் பெண்கள் எப்படியும் 14 வருடத்தில் போய்விடுவார்கள் என்ற நினைப்பில் அந்த அறிக்கைகள் பல வருடங்களாக ஏனோதானோவென்று எழுதப்பட்டிருந்தன. யாரும் படிக்கப் போவதில்லை என்று எழுதிய காகிதத்தை வைத்தே பிறகு தகுதி பார்த்தார்கள். 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இதை மறைமுகப் பாகுபாடு என்றது. பார்வைக்கு எல்லோருக்கும் ஒரே விதி, அடி விழுவது ஒருவருக்கு மட்டும்.

2023இல் கர்னல் பதவி உயர்வுக்கென்று தனித் தேர்வு நடந்து 108 இடங்கள் பெண்களுக்குக் கிடைத்தன. படைப்பிரிவைத் தலைமையேற்று நடத்தும் பதவி அது. 2025 ஆகஸ்டில் ராணுவச் சட்டப் பிரிவில் ஆண்களுக்கு ஆறு, பெண்களுக்கு மூன்று என்று இடங்களைப் பிரித்து வைத்திருந்ததையும் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

பெண்களின் சேவையை மதிப்பது என்று நாம் பேசும்போது மாலை, பொன்னாடை, "வீரமங்கை" பட்டம் என்றுதான் யோசிக்கிறோம். அவர்கள் கேட்டது அதிலெதுவும் இல்லை. ஓய்வூதியம், பதவி உயர்வு, ஒழுங்காக எழுதிய அறிக்கை. இவற்றுக்கு 17 வருடம் நீதிமன்றத்தில் நிற்க வேண்டியிருந்தது.

பெண்கள் இப்போது எல்லாப் பிரிவுகளிலும் இருக்கிறார்களா?

இல்லை. காலாட்படை, டாங்கிப் படை, இயந்திரமயக் காலாட்படை மூன்றிலும் பெண்கள் இல்லை. மற்றபடி பொறியாளர், சிக்னல்ஸ், வான் பாதுகாப்பு, உளவு, தளவாடம், ராணுவ விமானப் பிரிவு எல்லாவற்றிலும் இருக்கிறார்கள். பீரங்கிப் படையில் 2023 ஏப்ரலில் முதல் ஐந்து பேர் சேர்ந்தார்கள், அவர்களும் பரங்கிமலையிலிருந்து போனவர்கள்தான்.

அதிகாரி அல்லாத வீரர்களாகப் பெண்கள் வந்தது இன்னும் சமீபம். 2021 மே மாதம் ராணுவக் காவல் பிரிவில் 83 பெண்கள் பெங்களூரில் பயிற்சி முடித்தார்கள். இப்போது அக்னிவீர் திட்டத்தில் கடற்படையும் விமானப்படையும் பெண்களை எடுக்கின்றன.

மொத்த எண்ணிக்கை இன்னும் குறைவுதான். 2021இல் நாடாளுமன்றத்தில் அரசு சொன்ன கணக்குப்படி முப்படைகளிலும் சேர்த்து 9,118 பெண்கள். பல லட்சம் பேர் கொண்ட படைகளில் இவ்வளவுதான்.

உடல் வலிமையில் ஆண்களுக்கு ஈடாக முடியுமா?

இந்தக் கேள்வியை மேடையில் எப்போதும் ஒரு அப்பாதான் கேட்பார், பக்கத்தில் மகள் நெளிவாள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தகுதி உண்டு, அதை யார் எட்டுகிறார்களோ அவர்கள் செய்யலாம். 2023 ஜனவரியில் பொறியாளர் பிரிவைச் சேர்ந்த கேப்டன் ஷிவா சவுகான் சியாச்சினில் 15,600 அடி உயரத்திலுள்ள குமார் முகாமில் பணியமர்த்தப்பட்டார். அங்கே போகுமுன் பனிச்சுவர் ஏறுவது, பனிச்சரிவில் ஆளை மீட்பது எல்லாவற்றிலும் ஆண்களோடு சேர்ந்து அதே பயிற்சி எடுத்தார்.

விமானப்படை, கடற்படை பற்றி?

1999 கார்கில் போரில் குஞ்சன் சக்சேனா, ஸ்ரீவித்யா ராஜன் இருவரும் சீட்டா ஹெலிகாப்டர் ஓட்டினார்கள். சின்ன ஹெலிகாப்டர் அது, சுட ஆயுதம் கிடையாது. மலை இடுக்கில் புகுந்து காயம்பட்டவர்களைத் தூக்கி வருவதும் பொருட்களைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அதன் வேலை. 2016 ஜூனில் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் மூவரும் போர் விமானிகளானார்கள்.

கடற்படையில் எனக்குப் பிடித்தது தாரிணி. 56 அடி நீளப் பாய்மரப் படகு. 2017 செப்டம்பரில் ஆறு பெண் அதிகாரிகள் அதில் கோவாவிலிருந்து கிளம்பி உலகைச் சுற்றி அடுத்த மே மாதம் திரும்பினார்கள். 2024 அக்டோபரில் இரண்டே பேர் கிளம்பினார்கள்: கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா, புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி. இரண்டு பேர் மட்டும் என்றால் ஒருவர் தூங்கும்போது மற்றவர் விழித்திருக்க வேண்டும். அப்படி எட்டு மாதம். தென் பசிபிக்கில் நீமோ முனை என்று ஓர் இடம் உண்டு, எந்தப் பக்கம் போனாலும் கரை 2,600 கிலோமீட்டருக்கு மேல். அதைத் தாண்டி, பாய்மரக்காரர்களுக்குச் சிம்ம சொப்பனமான, தென் அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள கேப் ஹார்னையும் சுற்றி, 2025 மே 29 அன்று கோவா வந்து சேர்ந்தார்கள்.

பெண்கள் வீரப் பதக்கம் வாங்கியிருக்கிறார்களா?

2010 பிப்ரவரியில் காபூலில் இந்தியர்கள் தங்கியிருந்த விடுதியைப் பயங்கரவாதிகள் தாக்கினார்கள். அங்கே ஆப்கன் படையினருக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போயிருந்த ராணுவ அதிகாரி மிதாலி மதுமிதா, கையில் ஆயுதம் இல்லாமல் சம்பவ இடத்துக்கு ஓடி, இடிபாடுகளில் சிக்கியவர்களை வெளியே எடுத்தார். 2011இல் வீரச் செயலுக்கான சேனா பதக்கம் பெற்ற முதல் பெண் அதிகாரி அவர். 2019இல் விமானப்படையின் மிண்டி அகர்வால் யுத்த சேவா பதக்கம் பெற்றார். அந்த வருடம் பிப்ரவரி 27 அன்று பாகிஸ்தானுடன் நடந்த வான் மோதலில் தரையிலிருந்து நம் போர் விமானங்களை வழிநடத்தியவர். பெண் ஒருவர் அந்தப் பதக்கம் பெற்றது அதுதான் முதல். மத்தியப் பிரதேச வெள்ளத்தில் ஹெலிகாப்டரில் மக்களை மீட்ட தீபிகா மிஸ்ரா வீரத்துக்கான வாயு சேனா பதக்கம் பெற்றார்.

போர்க்கள வீரத்துக்கான உயரிய விருதான பரம்வீர் சக்ரா வாங்கிய 21 பேரில் பெண் எவரும் இல்லை. நேரடிப் போர்க்களப் பிரிவுகளில் பெண்களைச் சேர்க்கவில்லை என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

போர் இல்லாத நாளிலும் உயிர் போகும். 1994இல் விமானப்படை விமானத்தைத் தனியாக ஓட்டிய முதல் பெண் ஹரிதா கவுர் தியோல். 1996 டிசம்பரில் ஆந்திராவில் நடந்த ஆவ்ரோ விமான விபத்தில் இறந்தார். அப்போது அவருக்கு 25 வயதுதான். "முதல் பெண்" பட்டியலில் அவர் பெயர் தவறாமல் வரும், எப்படி இறந்தார் என்பதை யாரும் சொல்வதில்லை.

சிஆர்பிஎப் போன்ற துணை ராணுவப் படைகளையும் இதில் சேர்க்கலாமா?

அவை உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருபவை, முப்படைகள் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ். நிர்வாகப்படி வேறு. தியாகம் என்று வரும்போது பிரிக்க எனக்கு மனம் வருவதில்லை.

கமலேஷ் குமாரி சிஆர்பிஎப்பின் 88ஆவது மகளிர் பட்டாலியனில் கான்ஸ்டபிள். 2001 டிசம்பர் 13 அன்று நாடாளுமன்ற வாயில் ஒன்றில் பணியில் இருந்தார். கையில் வாக்கி டாக்கி, துப்பாக்கி இல்லை. உள்ளே வந்த வெள்ளை அம்பாசிடர் காரிலும் அதில் வந்தவர்களிடமும் ஏதோ சரியில்லை என்று அவருக்குப் பட்டது. ஓடிவந்து வாயிலை மூடப் பார்த்தார், சத்தம் போட்டு மற்றவர்களை எச்சரித்தார். சுட்டார்கள், அங்கேயே இறந்தார். இரண்டு பெண் குழந்தைகளின் தாய். அமைதிக்கால வீரத்துக்கான உயரிய விருதான அசோக சக்ரா அவருக்கு வழங்கப்பட்டது.

கல்யாணம், குழந்தை என்று வந்தால் வேலை என்னாகும்?

வேலை போகாது. பயிற்சி முடியும் வரை கல்யாணம் கூடாது, அவ்வளவுதான். மகப்பேறு விடுப்பு 180 நாள், இரண்டு குழந்தைகள் வரை. குழந்தையை வளர்க்க மொத்தப் பணிக்காலத்தில் 360 நாள் விடுப்பு உண்டு. இவை அதிகாரிகளுக்கு மட்டும் இருந்தவை, 2023 நவம்பரில் மற்ற பெண் வீரர்களுக்கும் நீட்டித்தார்கள். கணவனும் மனைவியும் இருவருமே படையில் இருந்தால் ஒரே ஊரில் பணி கிடைப்பது எப்போதும் நடக்காது. குழந்தை பெரும்பாலும் தாத்தா பாட்டியிடம் வளரும். அந்தப் பாட்டிகளுக்கும் ஒரு பதக்கம் கொடுக்கலாம்.

வீர நாரி என்று சொல்வது யாரை?

பணியில் உயிர்நீத்த வீரரின் மனைவியை. அவர்களில் சிலர் தாங்களே சீருடை அணிந்திருக்கிறார்கள். 2020இல் கல்வானில் இறந்து வீர் சக்ரா பெற்ற நாயக் தீபக் சிங்கின் மனைவி ரேகா சிங், ஆசிரியையாக இருந்தவர், 2023இல் பரங்கிமலையில் லெப்டினன்ட் ஆனார். 2015இல் குப்வாராவில் இறந்த கர்னல் சந்தோஷ் மகாதிக்கின் மனைவி சுவாதி இரண்டு குழந்தைகளின் தாய், 2017இல் அதே மைதானத்திலிருந்து வெளியே வந்தார். இவர்களுக்கு வயது வரம்பில் தளர்வு உண்டு. பயிற்சியில் தளர்வு கிடையாது.

ஒரு குடிமகனாக நான் என்ன செய்யலாம்?

டிசம்பர் 7 கொடி நாள். அன்று திரட்டும் நிதி முன்னாள் படைவீரர்களுக்கும் போரில் இறந்தவர்களின் குடும்பத்தினருக்கும் போகிறது. உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கொடுக்கலாம். ஜனவரி 14 முன்னாள் படைவீரர் தினம். நம்மூரில் பொங்கல் பரபரப்பில் அது கவனத்துக்கு வருவதே இல்லை.

பள்ளி விழாவுக்கு முன்னாள் படைவீரர் ஒருவரை அழைப்பதென்றால், ஊரில் ஓய்வுபெற்ற ராணுவ செவிலியர் யாராவது இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். அழைத்தால், "பெண்ணாக இருந்து எப்படிச் சமாளித்தீர்கள்?" என்பதை முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள். எங்கே பணியாற்றினார், என்ன வேலை, கஷ்டமான கேஸ் எது என்று கேளுங்கள். ஆண் அதிகாரியிடம் அப்படித்தானே கேட்போம். முன்னாள் படைவீரர் என்று சொல்லி ஒரு தம்பதி வந்தால், கணவரிடம் மட்டும் கை குலுக்கிவிட்டு நகரும் பழக்கமும் நமக்கு உண்டு. படையில் இருந்தவர் அந்த அம்மாவாகவும் இருக்கலாம்.

என் மகள் சேர விரும்புகிறாள். எங்கே தொடங்குவது?

பன்னிரண்டாம் வகுப்போடு போக வேண்டுமென்றால் யூபிஎஸ்சி நடத்தும் என்டிஏ (தேசிய பாதுகாப்பு அகாடமி) தேர்வு, வருடத்துக்கு இரண்டு முறை. வயது பதினாறரையிலிருந்து பத்தொன்பதரை. 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் பெண்கள் இதை எழுத முடிந்தது. முதல் அணியில் 17 பெண்கள் 2025 மே மாதம் பட்டம் பெற்றார்கள். விமானப்படை, கடற்படை என்றால் பள்ளியில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் படித்திருக்க வேண்டும். பதினொன்றாம் வகுப்பில் பிரிவு எடுக்கும்போதே இதை யோசியுங்கள்.

பட்டம் முடித்தவர்களுக்கு யூபிஎஸ்சியே நடத்தும் சிடிஎஸ் (ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணி) தேர்வு வழியாகப் பரங்கிமலை. கல்லூரியில் என்சிசியில் (தேசிய மாணவர் படையில்) இருந்து "சி" சான்றிதழை நல்ல தரத்தில் வாங்கினால் எழுத்துத் தேர்வு இல்லாமலே நேர்காணலுக்குப் போகும் வழி ஒன்று உண்டு. பல பெற்றோருக்கு இது தெரிவதில்லை. என்சிசியைச் சனிக்கிழமைச் சிற்றுண்டியோடு நினைவு வைத்திருக்கும் தலைமுறை நாம். செவிலியராக விரும்பினால் நீட் மதிப்பெண் அடிப்படையில் ராணுவ செவிலியர் கல்லூரிகளில் நான்கு வருட பிஎஸ்சி.

எந்த வழியில் போனாலும் அதிகாரி பதவிக்கு எஸ்எஸ்பி என்ற ஐந்து நாள் தேர்வு உண்டு (செவிலியர் சேர்க்கைக்கு முறை வேறு). மனப்பாடம் அங்கே உதவாது. குழுவாக ஒரு தடையைத் தாண்ட வேண்டியிருக்கும், முன்பின் தெரியாத தலைப்பில் பேச வேண்டியிருக்கும். வீட்டில் மகளைத் தனியாகப் பேருந்தில் அனுப்பப் பயப்படுகிறவர்கள் முதலில் அங்கிருந்து தொடங்கலாம்.

எங்கள் பாட்டி ராணுவ செவிலியர். அவர் காகிதங்களை என்ன செய்வது?

தூக்கிப் போடாதீர்கள். பணி விடுவிப்புச் சான்று, பதக்கம், குழுப் புகைப்படம் இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். புகைப்படத்தின் பின்னால் மென்மையான பென்சிலில், யார் யார், எந்த ஊர் மருத்துவமனை, எந்த வருடம் என்று எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், முன்பக்கம் தடம் விழும். பாட்டி உயிரோடு இருந்தால் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். 1962, 1965, 1971 போர்க்காலங்களில் எங்கே இருந்தார் என்று வருடத்தைச் சொல்லிக் கேட்டால் நினைவு வரும், பொதுவாகக் கேட்டால் "என்னத்தச் சொல்ல" என்றுதான் பதில் வரும். பதக்கத்தைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம், ஓரத்தில் பொறித்திருக்கும் பெயரும் எண்ணும் தேய்ந்துவிடும்.